வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

போன மாதம் மதுரங்குளிச் சந்தியில் பாண் வாங்கிக்கொண்டு நிற்கையில் தொலைபேசி அடித்தது. எங்கள் பகுதியில் இப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருக்கும் பிள்ளை பேசினார். நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் என்னோடு வேலை செய்தவர்.

"சேர், எங்கட மேலதிகாரி எல்லாத்தையும் போன்ல குரல் பதிவாத்தான் அனுப்புறார். நான் கேட்டு முடிச்ச உடனே அழிச்சிடுறார். நாளைக்கு ஒண்டு நடந்தா நான் என்னத்தக் காட்டுறது?"

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு வந்த கோபத்தில், பாணுக்குக் காசு கொடுத்தேனா இல்லையா என்பதே மறந்து, கடைக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. கருவி மட்டும்தான் புதிது, தந்திரம் பழையது. எங்கள் காலத்தில் அதற்கு ஒரு பேனாவும் ஒரு சொல்லும் போதுமாயிருந்தன. அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுதுகிறவன் வீரன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நான் ஐம்பத்தைந்திலேயே ஓய்வெடுத்துக்கொண்டவன். எனக்குப் பயம் வந்தால் மூளைக்கு முன் வயிறு அறிக்கை கொடுக்கும். ஊரிலுள்ள மலசலகூடங்களையெல்லாம் பரிசோதிக்கும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது படைத்தவனின் கருணை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பியை அடையாளம் காணவும், இறைச்சியில் முத்திரை குத்தவும், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் அடி அளக்கவும் கற்றுத் தந்தார்கள். மேலதிகாரியை எப்படி அளப்பது என்று யாரும் கற்றுத் தரவில்லை.

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து நான் வேலை செய்த பிரதேச சபையின் பெயர் வேண்டாம். சபைக் கட்டடத்தின் மேல்மாடியில் தவிசாளரும் செயலாளரும் இருந்தார்கள். கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில், எங்கள் சுகாதார அலுவலகம். சபை சுத்தமாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய நாங்கள் சபையின் கதிரையில் சபையின் மின்விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். அப்போது எங்களுக்குப் பொறுப்பாயிருந்த சுகாதார வைத்திய அதிகாரி கிழக்கிலிருந்து மாற்றலாகி வந்த தமிழர். நல்ல வைத்தியர். குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்தே காய்ச்சலின் அளவைச் சொல்லிவிடுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

அவர் கோப்புப் பார்க்கும் விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு கோப்புத்தான் இருக்கும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பார். உண்மையாகவே வாசிப்பார், அதைக் குறை சொல்ல முடியாது. பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி, பச்சை மையில், ஓரத்தில் "பேசவும்" என்று எழுதுவார். கீழே சுருக்கொப்பம், திகதி. மூடியைப் போட்டு, கோப்பை மூடி, அதன் முதுகில் இரண்டு தட்டு. அவ்வளவுதான். வேறு எதையும் அவர் எந்தக் கோப்பிலும் எழுதி நான் காணவில்லை.

அந்தச் சொல்லைக் கண்டதும் நான் உள்ளே போக வேண்டும். அவரே எழும்பிக் கதவைச் சாத்துவார். என் உம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பார். பிறகு மின்விசிறியின் சத்தத்தை மிஞ்சாத குரலில், "இப்பிடிச் செஞ்சா எப்பிடியிருக்கும்?" என்பார். செய் என்று சொல்லமாட்டார். நான் செய்வேன். சரிவந்தால் அது அலுவலகத்தின் சாதனை. பிழைத்தால், ஒரு பரிசோதகர் தன்னிச்சையாகச் செய்த காரியம். கோப்பில் சாட்சிக்கு ஒரே ஒரு சொல்தான் இருக்கும், அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. இதை நிர்வாகத் திறமை என்று மெச்சியவர்களும் இருந்தார்கள். நான் அதை இன்றைக்கும் கோழைத்தனம் என்றே சொல்வேன். என் கோழைத்தனமும் அதற்குத் துணைபோனதால் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கரைத்தீவுக்குப் போகும் பக்கம், களப்போரத்தில், எங்கள் எல்லைக்குள் ஒரு குடியிருப்பு இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்கள். முகாம் கலைந்து வீடுகள் கட்டப்பட்டபோது ஐம்பது வீடு என்று கணக்கெழுதியதால், வீடுகள் கூடிய பிறகும் அந்த இடத்துக்கு "ஐம்பது வீடு" என்றே பெயர். வாக்குக் கேட்கப் போகும்போது அவர்கள் நிரந்தரக் குடிகள். குப்பை அள்ள வண்டி கேட்டால் தற்காலிகக் குடிகள். காணி உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. எல்லாம் மணல் தரை. இரண்டு ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்துவிடும், மேலே எது விழுந்தாலும் அதே வேகத்தில் கீழே போய்ச் சேரும்.

அங்கே செங்கண்மாரி என்ற மஞ்சட்காமாலை தொடங்கியது. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். நான் செய்ததெல்லாம் ஒழுங்குப்படிதான். சபையின் வண்டி திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்பதால் திங்கட்கிழமை கிணறுகளுக்குக் குளோரின் போட்டோம். ஆய்வுகூடம் எங்கள் பகுதி மாதிரியைச் செவ்வாயில்தான் வாங்கும் என்பதால் செவ்வாய்க்கிழமை மாதிரி எடுத்தேன். கிருமி நீக்கிய போத்தல், கயிற்றில் கட்டி இறக்கி, விளிம்பில் விரல் படாமல் மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே அனுப்பினேன். முடிவு வந்தது: குடிக்க உகந்தது. அறிக்கை மேல்மாடிக்குப் போனது. சபைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று பதிவானது. மஞ்சள் கண்களோடு ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டேயிருந்தார்கள்.

திங்கள் மருந்து போட்டுச் செவ்வாய் சோதித்தால் எந்தச் சாக்கடையும் பன்னீராகத்தான் வரும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் "குடிக்க உகந்தது" என்ற முத்திரையைக் கண்டதும் என் வயிறு அமைதியாகிவிட்டது. அமைதியான வயிற்றோடு நான் அதிகம் யோசிப்பதில்லை.

அடுத்த செவ்வாய் மறுபடி மாதிரி எடுக்கப் போனேன். முதல் கிணற்றடியில் ஜெஸீமா நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் மீன்வாடியில் கூலி. மகள் ரிபாயா ஏழு மாதக் கர்ப்பிணி, வீட்டோடு இருந்தாள். நான் பெருமையாக முடிவைச் சொன்னேன். அவர் வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி, ஒரு கோப்பையில் ஊற்றி என் முன்னால் நீட்டினார்.

"அப்பக் குடிங்க தம்பி."

கோப்பையைப் பார்த்தேன். தெளிவான தண்ணீர்தான். ஆனாலும் என் கை எழும்பவில்லை. "நான் நோன்பு" என்றேன்.

"செவ்வாக்கிழம என்ன நோன்பு?"

திங்களும் வியாழனும் கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு பிடிப்பவர்கள் உண்டு. செவ்வாய் பிடிக்கும் ஒரே முஸ்லிமாக நான் கிணற்றடியில் நின்றேன். பக்கத்துக் கிணற்றில் உடுப்புத் துவைத்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜெஸீமா சிரிக்கவில்லை. தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு, "ஊட்டுக்கு ஊடு வந்து விசாரிச்சீங்களே, எங்கள்ல ஆரையும் கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை. எங்கள் படிவத்தில் "வீட்டுத் தலைவரின் கூற்று" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப வீட்டுத் தலைவரைத் தேடினேன். பள்ளிவாசல் நிருவாகத்தாரைக் கேட்டேன், மீன்வாடிக்குப் போய்க் கேட்டேன். கழிவு ஏதும் கொட்டுகிறார்களா என்று கேட்டதற்கு எல்லாரும் "நாங்க கண்டதில்ல" என்றார்கள். அது பொய்யில்லை. அவர்கள் கண்டதில்லை. ஜெஸீமா சொல்லித்தான் தெரிந்தது: வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில், ஆண்கள் முழுப்பேரும் பள்ளிக்குள் இருக்கும்போது, ஒரு கலி பவுசர், கழிவு ஏற்றும் தாங்கி வண்டி, வந்து பின்னாலிருக்கும் சவுக்கந்தோப்பில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறது. ஊரார் மலக்குழிகளில் உறிஞ்சியதையெல்லாம் அங்கே கொட்டுகிறது. மாதக்கணக்காக ஒவ்வொரு வெள்ளியும். பெண்கள் எல்லாரும் கண்டிருக்கிறார்கள். ஆண்களிடம் சொல்லியும் இருக்கிறார்கள். காணி உறுதி கிடைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள் என்பது ஆண்களின் பதில்.

அந்த வெள்ளி நான் ஜும்ஆவுக்குப் போகவில்லை. மோட்டார் சைக்கிளை ஒரு கிடுகு வேலிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, ஜெஸீமாவின் வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்த ஈரப் படுக்கை விரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது. ஈரம் சட்டையில் சொட்டியது. எதிரியின் பீரங்கிக்குக் காத்திருப்பவன்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, உங்கட கால் ரெண்டும் தெரியுது" என்றார் ஜெஸீமா.

கால்களை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பவுசர் வந்தது. அதன் கதவில் எங்கள் சபையின் சின்னம். ஓட்டியவன் உடப்பைச் சேர்ந்த சிவா. காலையில் எங்கள் அலுவலக வாசலில் எனக்குச் சலாம் வைத்தவன். நாற்றத்தோடு தண்ணீர் மணலில் பரவியது. மிகக் கிட்டிய கிணறு முப்பது காலடித் தூரத்தில் இருந்தது. விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவன் என்னைவிட அதிகம் பயந்தான்.

குப்பை மேட்டிலுள்ள குழி நிரம்பி ஒரு வருடமாகிறதாம். புதுக்குழி வெட்டச் சொல்லி அவன் பலமுறை கேட்டிருக்கிறான். "இப்போதைக்கு எங்கயாவது ஊத்து எண்டாங்க சேர். எங்க எண்டு சொல்லல்ல" என்றான். யார் சொன்னது என்றால், மேலே. எழுத்தில் இருக்கிறதா என்றால், இல்லை. எல்லாம் வாயால். வெள்ளி நண்பகலைத் தேர்ந்தெடுத்தது மட்டும் அவனுடைய சொந்த யோசனை. பார்க்க ஆள் இருக்காது என்று நினைத்திருக்கிறான். முற்றத்தில் வரிசையாக நின்று பார்த்த பெண்களை அவனும் ஆளாகக் கணக்கெடுக்கவில்லை. அவனைத் திட்ட வாயெடுத்தேன். என் படிவத்தின் கட்டம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

அன்றே அறிக்கை எழுதினேன். பவுசரின் இலக்கம், நேரம், கொட்டிய இடம், கிணற்றின் தூரம், சபையின் வாகனம் என்ற விபரம். கூடவே தொல்லை அகற்றும் அறிவித்தல் ஒன்றையும் தயாரித்தேன். சபை இன்ன காரியத்தை நிறுத்த வேண்டும், தவறினால் நீதிமன்றம் என்று சொல்லும் ஒரு தாள். அதற்கு உயிர் வர ஒரே ஒரு கையொப்பம் வேண்டும், டொக்டருடையது.

திங்கட்கிழமை கோப்பு திரும்பி வந்தது. பச்சை மை. பேசவும்.

கதவு சாத்தப்பட்டது. உம்மாவின் முழங்கால் விசாரிக்கப்பட்டது. கட்டடம் சபையுடையது, வண்டி சபையுடையது, அடுத்த மாத நுளம்பு ஒழிப்புக்கு ஆட்களையும் சபைதான் தர வேண்டும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். சபையோடு சண்டை பிடித்த பரிசோதகர்கள் எங்கெங்கே மாற்றப்பட்டார்கள் என்பதையும், யாரோ தூரத்து உறவினரின் துக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இலக்கத்த எடுத்திட்டு, அடையாளம் தெரியாத வாகனம் எண்டு போட்டா எப்பிடியிருக்கும்?"

நான் அதை எதிர்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் காட்டிய எதிர்ப்பு, வெளியே வரும்போது கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்தியது. அதற்கும் திரும்பிப் போய்த் தலையை உள்ளே நீட்டி, "காத்து, சேர்" என்றேன். பிறகு என் மேசையில் உட்கார்ந்து, என் கையாலேயே, அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதினேன். சின்னம் கண்ணாடிபோல் தெரிந்த வாகனம். ஓட்டியவனின் பெயர், அவன் தகப்பனின் பெயர்கூட எனக்குத் தெரியும். அடையாளம் தெரியாத வாகனத்துக்கு அறிவித்தல் அனுப்ப முடியாது என்பதால் அறிவித்தல் தாளை மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

பவுசர் அடுத்த வெள்ளியும் வந்தது.

அதற்கடுத்த வாரம் ரிபாயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண்ணும் நகமும் மஞ்சள். எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு இந்த நோய் உயிராபத்தாகவும் திரும்பலாம் என்று விடுதி மருத்துவர் சொல்லியிருந்தார். நோயாளி விபரம் எடுக்கப் போன நான், விடுதி வாசலில் ஜெஸீமாவைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் ஒளியும் திறமையை அவர் முன்பே பார்த்தவர். நேரே வந்தார்.

"எழுதினீங்களா தம்பி?"

"எழுதினேன்."

"வண்டிட நம்பரும்?"

"ஓம்" என்றேன்.

நோன்பு என்று சொன்ன பொய்யை அவர் கண்டுபிடித்தார். இதை அவர் நம்பினார். "அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான்" என்று சொல்லிவிட்டு மகளிடம் போனார். ஆஸ்பத்திரியின் பின்பக்க மலசலகூடத்தில் நான் அரைமணி நேரம் இருந்தேன். அதன் கூரையில் ஓட்டை இருந்தது, கைகழுவத் தண்ணீரில்லை. அதையும் எவரோ குறித்துக்கொண்டிருப்பார்கள்.

அலுவலகத்துக்கு வந்து கோப்பை எடுத்தேன். "பேசவும்" என்பதற்கு நேர் கீழே எழுதினேன்:

"பேசினேன். வாகன இலக்கத்தை நீக்குவது நல்லது என்று தாங்கள் வாய்மொழியாகக் கூறினீர்கள். நான் நீக்கினேன். அது பிழை. சரியான இலக்கமும் சபையின் பெயரும் கீழே தரப்படுகின்றன. இதற்குப் பிறகு மேலும் ஒருவர், கர்ப்பிணி, நோயுற்றுள்ளார். அறிவித்தல் தங்கள் கையொப்பத்துக்காக இணைக்கப்பட்டுள்ளது."

எழுதிய தாளுக்குப் பக்க எண் போட்டேன். கோப்புப் பதிவேட்டிலும் அந்த எண்ணை ஏற்றினேன். இனி யாராவது தாளை உருவினால் எண் இடையில் அறுந்து நிற்கும். பக்க எண்ணை மூன்று தடவை பிழையாக எழுதி வெட்டினேன்.

கோப்பு மூன்று நாள் அவர் மேசையில் கிடந்தது. நான்காம் நாள் திரும்பியது. பேசவும். நான் போகவில்லை. அலுவலக உதவியாளர் வந்து கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். அதில் பொய்யில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. கட்டடத்தில் பாதிப்பேர் ஜும்ஆவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். நானும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அப்போது இரண்டு முச்சக்கர வண்டிகள் வாசலில் நின்றன. ஏழு பெண்கள் இறங்கினார்கள், முன்னால் ஜெஸீமா. கணவன்மார் பள்ளியில் இருக்கும் அதே நேரத்தை அவர்களும் தெரிவுசெய்திருந்தார்கள். நேரே டொக்டரின் அறைக்குள் போனார்கள். நான் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன்.

டொக்டர் எழுந்து நின்று, மரியாதையாகக் கதிரைகளைக் காட்டினார். கதவைச் சாத்தப் போனார். ஏழு பேர் நின்றதில் கதவு சாத்த இடமில்லை.

"இருங்கம்மா. ஆறுதலாப் பேசுவம்."

"பேசினது காணும் டொக்டர்," என்றார் ஜெஸீமா. "எழுதுங்க. நாங்க கண்டத இந்தத் தம்பி எழுதியிருக்கார், வண்டிட நம்பரோட. அதுக்குக் கீழ உங்கட கையெழுத்த வைங்க. எங்க ஏழு பேர்ட பேரையும் போடுங்க. எண்ட மகள் அங்க படுத்திரிக்கிறாள், நான் பேச வரல்ல."

நம்பரோடு என்று அவர் சொன்னபோது டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தொப்பியைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் கோப்பில் அந்த நம்பர் இருந்திருக்காது என்பது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

அவர் கோப்பைத் திறந்து நான் எழுதியதை மறுபடி வாசித்தார், முதல் வரியிலிருந்து கடைசிவரை. பேனாவின் மூடியைக் கழற்றினார். ஏழு பெண்களும் அந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோபத்தில் ஒப்பமிட்டாரா, வெட்கத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அறிவித்தலில் முழுக் கையொப்பம் விழுந்தது. பிறகு என்னிடம், "கூற்றுப் படிவம் கொண்டு வாங்க" என்றார். படிவத்தின் "வீட்டுத் தலைவர்" என்ற சொல்லை வெட்டிவிட்டு, ஏழு பெயர்களையும் நான் எழுதினேன். அந்த வாரமும் எனக்கு ஜும்ஆ தவறியது.

அறிவித்தலைச் சேர்ப்பிக்க நான் ஏற வேண்டியிருந்தது பதினெட்டுப் படி. ஒவ்வொன்றையும் எண்ணினேன். மேலே, கையேற்றதற்கு ஒப்பம் வாங்கிக்கொண்டு இறங்கினேன். பவுசர் அடுத்த வெள்ளி வரவில்லை. ஒரு வருடமாக வெட்ட முடியாதிருந்த குழி இரண்டு வாரத்தில் வெட்டப்பட்டது. சவுக்கந்தோப்பின் மணலை அள்ளிச் சுண்ணாம்பு போட்டார்கள். இவ்வளவும் செய்ய ஆளும் இயந்திரமும் முதலிலிருந்தே இருந்தன என்பதுதான் என் வயிற்றை இன்றும் எரிக்கிறது. ஒரு தாளில் ஒரு பெயர் இல்லாததால் ஒரு ஊர் மஞ்சளித்தது.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எல்லாவற்றையும் வாயால் நடத்திய நிர்வாகம் அதை மட்டும் எழுத்தில், மூன்று பிரதிகளில், பிழையில்லாமல் அனுப்பியது.

போன மாதம் கூப்பிட்ட பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பதிவைக் கேட்டு முடித்தவுடன், "பேசினீர்கள், இன்னது சொன்னீர்கள்" என்று எழுதி அவருக்கே திருப்பி அனுப்பு, பிரதியைக் கோப்பில் போட்டுப் பக்க எண் இடு. கை நடுங்கினால் நடுங்கட்டும். எழுத்துக் கோணலாக வரும், வாசிக்கலாம்.

மாற்றலாகிப் போக முன்னால், குளோரின் போடாமல் இரண்டு வாரம் விட்டு, அந்தக் கிணறுகளில் கடைசி மாதிரி எடுத்தேன். முடிவு வந்த நாள் ஐம்பது வீட்டுக்குப் போனேன். ரிபாயா நாள் முந்திப் பெற்றிருந்தாள். கைக்குள் அடங்கும் பெண் பிள்ளை, ஆனால் அழுகை வீதிவரை கேட்டது. நான் முடிவைச் சொன்னேன்: குடிக்க உகந்தது. ஜெஸீமா போனமுறைபோலவே வாளியை இறக்கினார். கோப்பையை நீட்டினார்.

"இண்டைக்கும் நோன்பா தம்பி?"

அன்று வியாழக்கிழமை. நோன்புதான். பிடித்த சுன்னத்தான நோன்பை விட்டால் வேறொரு நாள் பிடித்துக்கொள்ளலாம்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு, முழுக்கோப்பையையும் குடித்தேன்.